மிச்சமும் எச்சிலும்

ஆடி நோம்பிக்கு மறுநாள் விடிகாலையில் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாசம் உண்டு. சேலம் மார்க்கெட் ரயில் நிலையத்துத் தண்டவாளத்தை ஒட்டிய தெரு அது. ராத்திரி குகைக்குப் போய் வண்டி வேடிக்கை பார்த்துவிட்டு வந்து படுத்த பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பில் நேற்றைய கறி சுண்டிக்கொண்டிருக்கும். புதுக்கறி கொதிக்கிற வாசம் வேறு, பழைய கறி சுண்டுகிற வாசம் வேறு. முதலாவது ஊருக்கே தெரியும். இரண்டாவது அந்தந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

எங்கள் வீட்டில் அதைச் செய்வது அவ்வா. அப்பாவின் அம்மா. (வீட்டுக்குள் நாங்கள் பேசுவது தெலுங்கு. அவ்வா பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதவேண்டியிருக்கிறது.) பிரிட்ஜ் எல்லாம் எங்கள் தெருவுக்கு வராத காலம். ராத்திரி படுக்கப்போகும் முன் குழம்பை ஒரு கொதி விடுவாள். விடிந்ததும் இன்னொரு கொதி. பிறகு கறித்துண்டுகளை மட்டும் அரித்து எடுத்து, எலும்பைக் கழற்றி, விரலாலேயே பிய்த்து இரும்பு வடச்சட்டியில் போடுவாள். எண்ணெய் கிடையாது. குழம்பின் மேலே ஏடு கட்டி நின்ற கொழுப்பே போதும். ஒரு கரண்டி குழம்பை ஊற்றி வற்றவிடுவாள். தண்ணீர் போய், கொழுப்பு பிரிந்து, கறியின் ஓரம் லேசாகக் கருகுகிற சமயத்தில் நாலு சின்ன வெங்காயம், ஒரு வரமிளகாய், ஒரு கொத்துக் கருவேப்பிலை. கோழி முட்டை வைத்திருந்தால் கடைசியில் ஒரு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறல். மொத்தம் கால்மணி நேரம்கூட ஆகாது. அதற்குத் தொட்டுக்கொள்ள முந்தின நாள் ராகிக் களி. உண்மையில் களிக்குத்தான் கறியைத் தொட்டுக்கொள்ளவேண்டும், ஆனால் நோம்பிக்கு மறுநாள் மட்டும் கணக்கு தலைகீழ்.

போன டிசம்பரில் அண்ணன் மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். "அத்தே, இங்க பாருங்க, நம்ம அவ்வா செய்யறதாத்தான் நீங்க சொல்வீங்களே, அதையே வெள்ளைக்காரங்க செய்யறாங்க." அமெரிக்காவில் ஒரு சமையலறை. கிறிஸ்துமஸுக்கு மிஞ்சிய பன்றித் தொடையைத் துண்டுபோட்டு, உருளைக்கிழங்கோடு இரும்புச் சட்டியில் வதக்கி, மேலே முட்டை உடைத்து ஊற்றுகிறார்கள். 'ஹாஷ்' என்று பேர். செய்கிற பெண்ணின் முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. மிஞ்சிப்போயிற்று, வீணாக்காமல் சமைக்கிறேன், எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள் என்று சிரிக்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிபடவில்லை. அன்று முழுக்க அது என்னைத் தொந்தரவு செய்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் இதே சட்டி ஒருநாள் சாக்கடையில் கவிழ்ந்திருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும். அன்றைக்கும் ஆடி நோம்பிக்கு மறுநாள். அவ்வா சட்டியை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அம்மா உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கொட்டிவிட்டாள். களியையும் கொட்டினாள். "என் புள்ளைங்க மீந்ததத் திங்காதுங்க." அவ்வளவுதான் சொன்னது. அவ்வா ஈரமுகத்தோடு நின்றாள். பிறகு சொன்னாள்: "ஆரு வூட்டு மீந்ததடி அது? எங் கூலிக் காசுல வாங்கின கறி."

இரண்டு பேரும் ஏழெட்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மாமியார் மருமகள் சண்டை என்று தெரு சொல்லிற்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அது இரண்டு சுயமரியாதைகளின் மோதல் என்று புரிவதற்கு எனக்கு அம்பேத்கரைப் படிக்கவேண்டியிருந்தது, அதைவிட முக்கியமாக அம்மா வாய் திறக்கவேண்டியிருந்தது.

அவ்வாவின் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வேலை மண்டியில். லீ பஜாருக்கு மூட்டை வந்து இறங்கும்போது தரையில் சிந்துகிற தானியத்தைக் கூட்டி அள்ளி, கல்லும் மண்ணும் நீக்கிப் புடைத்துக் கொடுக்கவேண்டும். ஒரு முதலாளி பாதிக் கூலியைக் காசாகவும் மீதியை அந்தக் கூட்டின தானியமாகவும் கொடுப்பாராம். சிந்தினதுதான் சம்பளம். இப்படிப்பட்ட ஒருத்திக்கு ஆடிக்கறி என்பது என்ன? தெருவில் பத்துப்பதினைந்து குடும்பம் சேர்ந்து பணம் போட்டு ஆடு பிடிப்பார்கள். பங்குக்கறி. அறுத்து, இலை விரித்து, கூறு போடுவார்கள். ஈரல், குடல், தலைக்கறி எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழவேண்டும், ஒருத்தருக்கு எலும்பும் ஒருத்தருக்குச் சதையும் என்று ஆகக்கூடாது. கூறு போட்டவர் தன் கூறைக் கடைசியில்தான் எடுக்கவேண்டும். எத்தனையோ ஊர்களில் கோயில் கிடாயை வெட்டினால் நல்ல கறி ஒரு பக்கமும், தோலும் காலும் குடலும் 'அவங்களுக்கு' என்று இன்னொரு பக்கமும் போகிறது. பறை அடித்ததற்கும் செத்தது தூக்கியதற்கும் அதுவே கூலி. அந்த ஏற்பாட்டுக்கு எதிரே எங்கள் தெருவின் பங்குக்கறியை வைத்துப் பாருங்கள். ஜனநாயகம் என்ற சொல் தெரியாதவர்கள் இலையின்மேல் அதை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூறில் ராத்திரி தின்றது போக மிஞ்சியிருக்கிறது என்றால், வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். அவ்வாவின் வருஷத்தில் அப்படி எத்தனை ராத்திரி இருந்திருக்கும்? மிஞ்சிய கறிதான் அவளுடைய சொத்துப் பத்திரம். அதைத்தான் அம்மா சாக்கடையில் கொட்டினாள்.

இனி அம்மா. அவள் பிறந்தது ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில். அவள் தாத்தா கவலை ஏற்றத்துச் சாலுக்குத் தோல் தைத்தவர். கிணற்றில் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் தோல் தைக்கிறவன் இல்லாமல் எந்தத் தோட்டமும் விளையாது. கரண்ட் மோட்டார் வந்தது. சாலுக்கு வேலை போயிற்று. வேலை போனபின்பும் அதற்கான கூலியில் ஒரு பகுதி மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது: ராச்சோறு. பொழுது சாய்ந்ததும் குண்டானை எடுத்துக்கொண்டு பண்ணைக்காரர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் போய்க் குரல் கொடுக்கவேண்டும். பெரியவர்கள் கூச்சப்பட்டு, எட்டு வயதுப் பிள்ளையான அம்மாவை அனுப்பியிருக்கிறார்கள்.

இதை அவள் எனக்குச் சொன்னது நான் எம்.ஏ. முடித்த வருஷம். ஒரு கல்யாண வீட்டுக்கு மறுநாள் போயிருக்கிறாள். சாம்பார், பாயசம், கறிக்குழம்பு, இலையில் கிடந்தது, அண்டாவில் கிடந்தது எல்லாம் ஒரே குண்டானில் விழுந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் அம்மா அதைச் சட்டியில் கொட்டிச் சுண்டவைத்திருக்கிறாள். "நல்லா அழுதுட்டு தின்னேன்னு சொல்லணும்னுதான் பாக்கறேன், கண்ணு. ஆனா அப்பிடி இல்ல. ருசியா இருந்துச்சு. அவ்வளவு ருசியா இருந்துச்சு. அதுதான் என்னால மறக்க முடியல."

இதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவமானம் வாய்வழியாக உள்ளே போகும்போது நாக்கு அதற்குச் சாட்சி சொல்லாமல், 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டால் அந்த நாக்கை என்ன செய்வது? தன் நாக்கையே மன்னிக்காத ஒருத்தி எந்த வீட்டு அடுப்பிலும் அந்த வாசத்தை விடமாட்டாள்.

சொற்களைக் கொஞ்சம் பார்க்கலாம், எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இதுவாவது பயன்படட்டும். மிச்சம், மிஞ்சுவது, மீதி இவையெல்லாம் 'மிகு' என்பதைச் சுற்றி வருகிற சொற்கள். வேண்டியதைவிட மிகுந்திருப்பது. எச்சம், எச்சில் இரண்டும் 'எஞ்சு' என்பதன் பிள்ளைகள். தெலுங்கில் நாங்கள் சொல்கிற 'எங்கிலி'யும் அந்தக் குடும்பம்தான். எச்சம் என்றால் குறளில் ஒருவர் விட்டுச்செல்கிற பெயரும் மக்களும். இலக்கணத்தில் முற்றுப்பெறாத சொல். காக்கை போட்டாலும் எச்சம். வாயில் பட்டதும் அது எச்சில். ஒரே வேர்ச்சொல் புகழிலிருந்து மலம்வரை போய்வருகிறது. சட்டியில் கிடக்கிற கறிக்கு இதில் எந்தப் பேர் என்பதைக் கறி தீர்மானிப்பதில்லை. அது யார் இலையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது தீர்மானிக்கிறது.

இதை மனு நன்றாக அறிந்திருக்கிறான். பத்தாம் அத்தியாயத்தில் சூத்திரனான வேலைக்காரனுக்கு என்னென்ன கொடுக்கலாம் என்று பட்டியல் போடுகிறான்: உண்டு மிஞ்சிய சோறு, கிழிந்த பழந்துணி, தானியத்தின் பதர், பழைய தட்டுமுட்டுச் சாமான். சோற்றில் அம்மாவும் பதரில் அவ்வாவும் இருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்தபோது எங்கள் வீட்டு ரேஷன் கார்டைப் படிப்பதுபோல் இருந்தது. சூத்திரனுக்கே இது என்றால் அவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன என்று தனியே எழுதவேண்டிய அவசியம் இல்லை.

1927 மார்ச்சில் மகாத்தில் கூடிய மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசவில்லை. செத்த மாட்டுக் கறியைத் தின்பதை விடுங்கள், வீசி எறிகிற எச்சிற்சோற்றை வாங்காதீர்கள் என்றும் சொன்னார். சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தது எவ்வளவு பெரிய போராட்டமோ அவ்வளவு பெரியது குண்டானை வீட்டிலேயே கவிழ்த்து வைப்பதும். அதே வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி அங்கேயே மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அம்மாவுக்கு மகாத் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவள் தன் மகாத்தை எங்கள் வாசல் சாக்கடையில் நடத்தினாள்.

ஓம்பிரகாஷ் வால்மீகி தன் வாழ்க்கையை இந்தியில் எழுதியபோது அதற்கு வைத்த பெயரே 'ஜூட்டன்', எச்சில். 1997இல் வந்தது. அதில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் அவருடைய அம்மா பிள்ளைகளுக்கு ஒரு நல்ல இலைச்சோறு கேட்கிறார். ஒரு கூடை எச்சில் இலை கிடைத்தது போதாதா என்கிறார் வீட்டுக்காரர். அந்த அம்மா கூடையை அங்கேயே கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். அதன்பிறகு அந்த வாசலுக்குப் போகவில்லை. அதே புத்தகத்தில், இலையில் மிஞ்சிய பூரித் துண்டுகளை வெயிலில் உலர்த்திச் சேர்த்துவைத்து, மழைக்காலத்தில் வேகவைத்து மிளகாயும் உப்பும் போட்டுத் தின்றதும் வருகிறது. அதுவும் ருசியாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. படிக்கும்போது எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

எதிர்ப்பக்கத்தில் எச்சிலைப் புனிதமாக்குகிற வேலையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாமக்கல்லுக்குப் பக்கத்து மாவட்டம் கரூர். அங்கே நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரர் சமாதி விழாவில் அன்னதானம் முடிந்த எச்சில் இலைகளின்மேல் உருளுகிற வழக்கம் ஒன்று இருந்தது. 2015இல் உயர்நீதிமன்றம் தடுத்தது. 2024இல் ஒரு தனி நீதிபதி அனுமதித்தார். அது தனிமனிதரின் உரிமையாம். 2025 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. எல்லாச் சாதியாரும் உருளுகிறார்கள், எல்லாச் சாதியாரும் சாப்பிட்ட இலைதான் என்று வாதம் வைத்தார்கள். இருக்கட்டும். எச்சிலை வணங்கலாம் என்ற கருத்து யாருக்காக எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று கேட்காமல் உரிமை பேசுவது நமக்குப் புதிதல்ல. அதே கரூர் மாவட்டத்தில் வேலஞ்செட்டியூர் பள்ளியில் 2023 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தில் சமைத்தவர் அருந்ததியர் பெண் என்பதால் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிடவேண்டாம் என்றார்கள். ஆட்சியர் நேரில் போகவேண்டிவந்தது. அவர்கள் வாய் பட்டது நமக்கு ஆகும், நம் கை பட்ட சுடுசோறு அவர்களுக்கு ஆகாது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு சங்கடமான இடத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் நான் இப்படிப் பேசினேன்: "தீட்டு பொருளில் ஒட்டிக்கொள்கிறது என்பது பார்ப்பனியக் கருத்தியல். மிச்சம் என்றாலே அருவருக்கிறவர்கள் அந்தக் கருத்தியலையே தலைகீழாக ஏற்றுக்கொண்டவர்கள். நம் மிச்சத்தை நாம் கொண்டாடவேண்டும்." நல்ல கைதட்டல். தர்க்கத்தில் இன்றைக்கும் எனக்கு அதில் பிழை தெரியவில்லை. அவ்வாவின் சட்டியில் இருந்தது எச்சில் அல்ல. அம்மா அதை எச்சிலாகப் பார்த்தாள் என்றால், பண்ணைக்காரர் வீட்டுக் கொல்லைப்புறம் எங்கள் அடுப்படிவரை நீண்டு வந்து அவள் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது என்றுதான் ஆகும்.

ஆனால் குண்டான் தூக்காத கையால் இதைச் சொல்வது சுலபம். எனக்கு ராச்சோறு தெரியாது. அம்மா அதை என்வரை வரவிடவில்லை. அவள் தடுத்த இடத்தில் நின்றுகொண்டு, நீ ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தாய் என்று மேடையில் கேட்டிருக்கிறேன். மராட்டியத்தில் ஷாஹு பாடோளே தலித் வீட்டுச் சமையலை ஒரு புத்தகமாகவே எழுதினார், 2015இல். உலர்த்திய மாட்டுக்கறி அங்கே 'சான்யா', இங்கே உப்புக்கண்டம். அப்படிப்பட்ட எழுத்து வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். ஆனால் அதைப் படித்துவிட்டு, ஊரிலிருக்கும் ஒரு அம்மாவிடம் போய் 'இது நம் பண்பாடு, நீ ஏன் வெட்கப்படுகிறாய்' என்று கேட்கிற படித்த பிள்ளைகள் (நான்தான்) கொஞ்சம் வாயைப் பொத்திக்கொள்ளலாம். கொண்டாடுவது ஒருத்தியின் உரிமை என்றால் கொட்டுவது இன்னொருத்தியின் உரிமை. அடுத்தவள் சம்பாதித்ததைக் கொட்டுவது மட்டும் உரிமையில் சேராது. அதை அம்மாவிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்லாமல் விடமுடியாது. நம் இயக்கத்துத் தோழர் ஒருவர் கல்யாணம். சாதி மறுப்புத் திருமணம், தாலி இல்லை, புரோகிதர் இல்லை. பிரியாணி இரண்டு அண்டா மிஞ்சிவிட்டது. மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். யாரோ சொன்னார்கள்: "வீணாப் போயிடும் தோழர், காலனிக்கு அனுப்பிடலாம்." வேன் வந்தது. அண்டாவை ஏற்றுகிறபோது நானும் ஒரு காது பிடித்தேன். டிரைவர் எந்தக் காலனி என்று கேட்டபோதுதான் உறைத்தது. அவர்கள் சொன்னது எங்கள் தெரு.

அங்கே யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பசி இருக்கிற நாட்டில் சோற்றைக் குப்பையில் கொட்டுவது எந்த அறத்திலும் சேராது என்பதும் எனக்குத் தெரியும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் ஒரு பொருநனுக்கு இரவும் பகலும் கறி போடுகிறான். தின்று தின்று பல் கொல்லையை உழுத கொழுவைப்போல் தேய்ந்துபோயிற்றாம். வகுப்பில் இந்த இடத்தை எல்லோரும் சிரித்துக்கொண்டு தாண்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: அந்தக் கறி அரசன் தின்று முடித்தபின் வந்ததாக இல்லை. பொருநனுக்கென்றே சமைத்து, இன்னும் தின்னு இன்னும் தின்னு என்று வற்புறுத்திப் போட்டது. வறியவன்தான், வாங்குகிறவன்தான், ஆனாலும் அவன் கையில் குண்டான் இல்லை. பந்திக்கு முன்னால் எடுத்துவைத்து அனுப்பினால் அது பங்கு. பந்தி முடிந்து, பாத்திரம் கழுவ இடைஞ்சலாக இருக்கிறதே என்று அனுப்பினால் வேறு. இரண்டிலும் பிரியாணி ஒன்றுதான்.

அன்று அந்த வேனை நான் நிறுத்தவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை ருசியாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள். அம்மா வாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது. வேன் யார் அனுப்பியது என்று அவள் கேட்டிருக்கிறாள். பேர் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அவள் அதைப்பற்றிப் பேசியதே இல்லை. அந்த வருஷம் முழுக்க நான் அவள் கண்ணை நேராகப் பார்த்துப் பேசியதும் இல்லை.

அவ்வா போய்விட்டாள். அவள் வடச்சட்டி என்னிடம் இருக்கிறது. இந்த ஆடிக்கு அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். நோம்பிக்கறி சமைத்தோம், சாப்பிட்டோம், மிஞ்சியதை ஆறவைத்து டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் நான் சட்டியை அடுப்பில் ஏற்றினபோது அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. நான் டப்பாவைக் கவிழ்த்தேன். வெங்காயத்தை எடுத்தேன்.

"இப்பவே வெங்காயத்தப் போடாத. தண்ணி விட்டுரும். கறி சுண்டட்டும், உங்க அவ்வா கடைசியிலதான் போடுவாங்க."

அடுப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன். பிறகு அவள் தனக்கு இரண்டு தோசை ஊற்றிக்கொண்டு, தேங்காய்ச் சட்னி அரைத்து, முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அண்ணன் மகளுக்கும் எனக்கும் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.